நாலு படிக்கு நாலு லிட்டர்

படி உடைக்கிற வேலை பார்த்தவனுக்கு எந்தச் சந்தையிலும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அந்த வேலையை எனக்குக் கொடுத்தவரும், எனக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவரும் ஒருவரே. இன்ஸ்பெக்டர் வரதராஜன். அவருக்குப் பிறகு அநியாயம் செய்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் அவர் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் படி, வள்ளம், சேர், வீசை எல்லாம் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. சில வருஷம் இரண்டும் புழங்கலாம் என்று தவணை விட்டிருந்தார்கள். தவணை முடிந்ததும், பழைய அளவு ஒன்றுகூட வெளியில் இருக்கக் கூடாது, கண்ட இடத்தில் பிடித்து உடை என்று உத்தரவு வந்தது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். புது எடைக்கற்களில் முத்திரை அடிக்கவும், பழைய படிகளை உடைக்கவும் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் பெட்டியும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு போனேன். ஆபீஸில் என்னை உதவியாள் என்று எழுதியிருந்தார்கள். சந்தையில் சுத்திக்காரன் என்றார்கள். மேலே இருப்பவன் சொன்னதைச் செய்து, கீழே இருப்பவனிடம் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள்.

இன்னும் ஒரு வருஷம்

பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் புளி மண்டி வைத்திருந்தவர் சின்னசாமி. தவணைக் காலத்தில் நாங்கள் போகும்போதெல்லாம் வரதராஜன் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, "பழைய கல்லுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் ஆயுசு, மாத்திக்குங்க" என்று சொல்லுவார். முதல் தடவை சின்னசாமி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் வரதராஜன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சின்னசாமி அதே முக்காலியில் ஏறி, அதே பேச்சை அவர் குரலிலேயே பேசிக் காட்டினார். சந்தையே சிரித்தது. வரதராஜனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பெட்டி கனம்.

தவணை முடிந்த வாரம் போனோம். அவருடைய வீசைக்கல்லையும் சேர்க்கல்லையும் எடுத்து நான் சாக்கில் போட்டபோதுகூட, விளையாட்டு என்று நினைத்துச் சாக்கைப் பிடித்துக் கொடுத்தார். வரதராஜன் பறிமுதல் ரசீது எழுதி அவர் கையில் கொடுத்த பிறகுதான் முகம் மாறியது. ரசீதைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார்.

"நெசமாத்தானுங்களா? இத்தன வருசமா வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

எண்ணெய்க்குள் கை

ஏரியூர்ப் பக்கம் கடலை எண்ணெய் விற்கிற ஒரு அம்மாள். அவளிடம் பழைய அரைப்படி இருப்பது ஊருக்கே தெரியும். நாங்கள் போனபோது புதுசாக அரை லிட்டர் குவளையைத் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குவளையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. வரதராஜன் என்னைப் பார்த்து, "சவரி, பானைக்குள்ள கைய விட்டுப் பாரு" என்றார். அவர் சட்டை வெள்ளைச் சட்டை.

முழங்கைக்கு மேல் எண்ணெய் ஏற, அடியில் துழாவி அரைப்படியை எடுத்தேன். அதை ஒரு அடி அடித்ததும் நெளிந்தது. அந்த அம்மாள் அழவில்லை, கெஞ்சவில்லை. கை துடைக்கத் துணி கேட்டேன்.

"எதுக்குத் தொடைக்கற? அப்பிடியே தலையில தேச்சு முழுகிட்டுப் போ. புடிச்ச சனியன் விடட்டும்."

மஞ்சள் பூசிய படி

பித்தளைப் படியை உடைக்க முடியாது. அடித்தால் நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். அதனால் அடியில் உளி வைத்து ஓட்டை போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. ஓட்டை போட்ட படியைச் சிலர் திருப்பிக் கேட்டு வாங்கிப் போய் அதில் செடி வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பொம்மிடிக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற ஒரு குடியானவர். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மணையில் நெல் நிறைத்து வைக்க எடுத்து வைத்திருந்த படியை வரதராஜன் பறிமுதல் செய்துவிட்டார். வீட்டுக்கார அம்மா, "பேடப்பா, பேடப்பா" என்று என் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், வரதராஜனுக்கும் தெரியும். "லிட்டர்ல நெல்லு வெச்சா கல்யாணம் நடக்காதா?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். நான் சாக்கைத் தூக்குகிற மாதிரி குனிந்து, அந்தப் படியை மட்டும் அவர்கள் வைக்கோல் போர் ஓரம் போட்டுவிட்டு வந்தேன்.

ஆபீஸில் எண்ணியபோது ஒன்று குறைந்தது. எனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாவது அதோடு தள்ளிப் போனது. இதையும் வரதராஜன் கணக்கில் சேர்த்திருக்கிறேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் குடியானவர் நடந்தே ஆபீஸுக்கு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து படியை எடுத்து என் முன்னால் வைத்தார். சுற்றிலும் மஞ்சள், குங்குமப் பொட்டு, உள்ளே இரண்டு நெல்மணி ஒட்டியிருந்தது. நான் உளியை எடுத்தேன்.

"மஞ்சளத் தொடச்சுட்டு அடிங்கப்பா. அப்பிடியே அடிக்காதீங்க."

என் ஊர் வள்ளம்

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்தவர் வீட்டு வருத்தம். இனி வருவது என் வீட்டுடையது.

எங்கள் ஊரில் வள்ளம் என்றால் நாலு படி கொள்கிற இரும்பு அளவு. ஊருக்கு ஒரே வள்ளம்தான். பெரிய தோட்டத்து மாதையன் களத்தில் இருந்தது. களைவெட்டு, அறுப்பு எந்த வேலைக்கும் கூலி வாரத்துக்கு ஒரு வள்ளம் கேழ்வரகு. வேலை பேசும்போது யாரும் கூலி பேசமாட்டார்கள், "வள்ளம்" என்று ஒரு வார்த்தைதான். புருஷன் செத்த பிறகு என் அக்கா ஆரோக்கியம் அந்த வள்ளத்தை வைத்துத்தான் மகள் ரோசம்மாவை வளர்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கூடையோடு போவாள், வள்ளம் சாயும், வீட்டுக்கு வருவாள்.

நாங்கள் போனதும் ஒரு சனிக்கிழமை. கூலிக்கு வந்தவர்கள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள், அக்காவும் நின்றாள். வார்ப்பு இரும்பு, நான் அடித்த மூன்றாவது அடியில் வள்ளம் விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. மாதையன் சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுகிறவர் இல்லை. "அது போவுதுங்க. இனி கூலி எப்பிடி அளக்கறது? இவங்களுக்கு முன்னாலயே சொல்லிட்டுப் போங்க" என்றார். மேற்கே பஸ் வருகிற புழுதி தெரிந்தது. அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வரதராஜன் குடையை மடக்கி இடுக்கிக்கொண்டார். நாலு படிக்கு எத்தனை லிட்டர் என்று அச்சடித்த அட்டவணை என் பெட்டிக்குள் இருந்தது. நான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அதற்குள் அவர் நடந்துகொண்டே கையை வீசிச் சொன்னார்.

"நாலு படின்னா நாலு லிட்டர்னு வெச்சுக்குங்க. போகப் போகப் பாத்துக்கலாம்."

தண்ணீர் ஊற்றிப் பார்த்தது

எனக்குக் கணக்கு வராது, தண்ணீர் ஊற்ற வரும். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் சாக்கிலிருந்து உடைக்காத ஒரு படியை எடுத்துத் தண்ணீர் நிறைத்து லிட்டரில் ஊற்றினேன். லிட்டர் நிறைந்து வழிந்தது. படியில் பாதிக்கு மேல் போயிருந்தது, மிச்சம் இருந்ததை அரை லிட்டரில் ஊற்றினேன். அதுவும் நிறைந்தது. அதற்கு மேலும் ஒரு மடக்குத் தண்ணீர் படியில் இருந்தது. நாலு தடவை ஊற்றினேன். ஒரு வள்ளத்துக்கு ஆறு லிட்டருக்கு மேல் வந்தது.

தரையெல்லாம் தண்ணீர். வரதராஜன் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சொன்னேன். கேட்டார், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அட்டவணையை எடுத்து அவரே ஒரு தடவை பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஆமா, கொறையுது. அதுக்கென்ன, ஒரு நாள் வந்து சொல்லிட்டாப் போச்சு. மொதல்ல தரையத் தொடை."

கூலி என்று எங்கே இருக்கிறது

அந்த ஒரு நாள் வரவில்லை. மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டு, அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானே மாதையன் களத்துக்குப் போனேன். படி என்ற இடத்தில் ஒரு விரலையும், லிட்டர் என்ற இடத்தில் ஒரு விரலையும் வைத்துக் காட்டினேன். மாதையன் மூக்குக்கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார். எனக்கு மோர்கூடக் கொடுத்தார். சொம்பில் கொடுத்தார், அளந்து கொடுக்கவில்லை.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் சவரி. ஆனா நான் ஆபீசர் சொன்னபடி அளக்கறேன். நாளைக்கு அவரே வந்து ஆறுன்னு சொன்னா ஆறு அளக்கறேன். நீ சொன்னேன்னு அளந்தா, சுத்தியல் புடிக்கறவன் பேச்சக் கேட்டு சர்க்கார் பேச்ச மீறினவன்னு எம்மேல கேசு வராதா?" என்றார். கூலிக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சர்க்காரே சொல்லிவிட்டது என்று அவர்களும் நம்பினார்கள். அந்தப் பத்துப் பேர் பெயரும் எனக்கு மனப்பாடம். அட்டவணையை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது மாதையன் கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"படின்னு இருக்குது, லிட்டருன்னு இருக்குது. கூலின்னு இதுல எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்?"

அக்காவின் பானை

அக்காவுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. கேழ்வரகு கொட்டி வைக்கிற அவளுடைய பானையில் வள்ளம் வந்து நிற்கிற இடத்தில் உள்பக்கம் ஒரு கறை இருந்தது, வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி விழுந்த கறை. இப்போது தானியம் அதற்கு ஒரு சாண் கீழே நின்றது. முதலில் காலைக் களியை நிறுத்தினாள். பிறகு ராத்திரி ரோசம்மாவுக்கு மட்டும் கிண்டினாள். ஆட்டை விற்றாள். நான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுவாள், பிறகு அது அப்படியே என் வீட்டுக்குத் திரும்பி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றாள். எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டாள். நான் கிட்டே போனேன். பானையைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"வள்ளத்த ஒடச்சியே தம்பி, இந்தக் கறை என்னாத்துக்கு? இதையும் சொரண்டிட்டுப் போ. பாத்தாத்தான் பசிக்குது."

குடகுக்குப் போன பஸ்

அடுத்த மழைக்கு முன்னால் குடகு காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மேஸ்திரி வந்தான். அக்கா பேர் கொடுத்துவிட்டாள். ரோசம்மாவையும் கூட்டிக்கொண்டு மூட்டையோடு ரோட்டில் நின்றாள். நான் அரை மூட்டை கேழ்வரகை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அதை அவள் தொடவில்லை.

"அக்கா, நான் கொறைக்கலக்கா. அந்த ஆளு சொன்னாரு, பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல சொன்னாரு" என்றேன். அதைத்தான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கம்பிக்குள்ளிருந்து சொன்னாள்.

"அது உன் சம்பளத்துல வாங்குனது. அந்தச் சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்கன்னு நான் கூடையோட நின்னு பாத்தவ."

பொம்மிடி பிளாட்பாரம்

தர்மபுரி தனி ஜில்லாவாகி, எழுபதுகளும் வந்துவிட்டன. வரதராஜன் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். போவதற்கு முந்தின நாள்கூட, "ஒரு நாள் வர்றேன் சவரி" என்றார். எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. உடைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் முத்திரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குடகிலிருந்து இருமலோடு திரும்பி வந்து படுத்துவிட்டாள். ரோசம்மா தனியாகப் பார்த்துக்கொண்டாள். நான் போனால் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுவாள்.

ஒரு நாள் முத்திரைப் பெட்டியோடு பொம்மிடி ஸ்டேஷனில் நிற்கிறேன், பெஞ்சில் வரதராஜன். தலை நரைத்து, பெரிய அதிகாரியாகி, பக்கத்தில் தோல் பை. சேலம் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். "ஐயா, என் அக்கா வூடு இங்கிருந்து ரெண்டு மைலுங்க. வண்டி வாடகைக்குப் புடிச்சாறேன். வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, போதுங்க. நாலு லிட்டருன்னு சொன்னது நான்தான், இவன் இல்லேன்னு சொல்லுங்க" என்றேன். அவருக்கு வள்ளம் ஞாபகம் வர நேரமாயிற்று. வந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை, அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"இந்த வெயில்லயா? அடுத்த மாசம் இந்தப் பக்கம் கேம்ப் இருக்கு. ஆபீசர்ங்கற முறையிலயே வந்து சொல்றேன், போதுமா?"

கோயில் நாற்காலி

முட்டாள் நான், நேரே போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். பிறகு பல வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "வந்து சொல்லட்டும். அப்புறம் உன்னோட பேசறேன்" என்றாள். ஆபீசர் வந்தால் உட்கார வீட்டில் எதுவும் கிடையாது. ரோசம்மா பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயிலிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை வாங்கி வந்து, துடைத்து, அக்கா படுத்திருந்த இடத்துக்கு நேராகப் போட்டாள்.

கேம்ப் நடந்தது. தர்மபுரியோடு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை அக்காவிடம் சொல்லாமலே இருந்தேன். நாற்காலி ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, ரோசம்மா துணிகூடக் காயப்போடவில்லை. அக்கா செத்த அன்றைக்கு மாதையன் துக்கத்துக்கு வந்தார். பெரிய மனுஷன் வந்திருக்கிறார் என்று யாரோ அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அவர் அதில் உட்கார்ந்தார். அவர் உட்காரவேண்டிய நாற்காலி அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கம் முடிந்து நாற்காலியைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ரோசம்மாவும் கூடவே நடந்து வந்தாள்.

"மாமா, வெளிய வண்டிச் சத்தம் கேட்டா அந்த ஆபீசரான்னு எட்டிப் பாக்கச் சொல்லும் அம்மா. நேத்து ராத்திரியும் ரெண்டு தடவ எட்டிப் பாத்தேன்."

நாங்கள் பறித்த ஒவ்வொரு படிக்கும், ஓட்டைப் படிக்குக்கூட, ஆபீஸ் ரசீது கொடுத்திருக்கிறோம். வரதராஜன் தருவதாகச் சொன்ன அந்த ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் என்னிடம் ரசீது இல்லை, ஆனாலும் வசூல் பண்ணாமல் நான் சாவதாக இல்லை.